சிங்கக் கணக்கு

ஆப்பிரிக்கா போய்வந்தவனிடம் நம் ஊரில் யாரும் அந்தத் தேசம் எப்படி, சனங்கள் எப்படி, வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைத்ததா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. "சிங்கம் பாத்தீங்களா?" அவ்வளவுதான். பார்த்தேன் என்றால் "கிட்டக்கவா?" என்பார்கள். ஆமாம் என்றால் "வேட்டையாடுச்சா?" இல்லை, தூங்கிக்கொண்டிருந்தது என்று சொன்ன மாத்திரத்தில் கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் படரும். விமான டிக்கெட் என்ன ஆகியிருக்கும் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்க்கிறார் என்று நமக்குப் புரியும். போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர், ஊருக்குத் திரும்பியதும் இந்தக் குறுக்கு விசாரணையில் தோற்றுவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் வண்டியில் ஏறினார்கள்.

சோபே என்பது ஓர் ஆறு. போட்ஸ்வானாவின் வடக்கு எல்லை அதுதான், அக்கரை நமீபியா. கிழக்கே கொஞ்ச தூரம் ஓடி, கசுங்குலா என்ற இடத்தில் ஜாம்பெசியில் கலந்துவிடும். அந்த இடத்தில் போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று நாலு நாடுகள் ஏறக்குறைய ஒரே புள்ளியில் முட்டிக்கொள்கின்றன. 1967-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா. நம் முதுமலைப் புலிகள் காப்பகத்தைப் பதினைந்து தடவை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். வருகிறவர்களோ ஆற்றை ஒட்டிய ஒரு துண்டை மட்டும் சுற்றிவிட்டு, 'சோபே முடிச்சாச்சு' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

என் மகன் தலைநகர் கபரோனியில் கணக்கர் வேலை பார்க்கிறான். எங்களை அனுப்பிவைத்தவன் அவன்தான். கூட வரச் சொன்னால் ஆடிட் என்றான். "அப்பா, ஜூலை மாசம் அங்க குளிர்காலம், ஸ்வெட்டர் எடுத்துக்குங்க" என்று மட்டும் சொன்னான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் பருவம் தலைகீழாகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் படித்ததுதான். இருந்தாலும் ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்பது மனித மனத்தில் எப்படியோ பச்சை குத்தியிருக்கிறது. எங்கள் வண்டியில் வந்த மும்பைப் புதுமணத் தம்பதி அரைக்கால் சட்டையோடு இருட்டில் வந்து நின்றார்கள். கண்ணாடியும் கதவும் இல்லாத திறந்த லேண்ட் க்ரூசர். விடிவதற்கு முன் அது ஓட ஆரம்பித்ததும் அடிக்கிற காற்று எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கைடு ஆளுக்கொரு கம்பளிப் போர்வை கொடுத்தார். மாப்பிள்ளை தன் போர்வையையும் பெண்ணுக்கே கொடுத்துவிட்டு, காதலுக்கும் நிமோனியாவுக்கும் நடுவில் அரைமணி நேரம் ஊசலாடினார். பிறகு போர்வையின் ஒரு முனையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கைடு ஒரு இளம்பெண். சோபேயில் பெண் கைடுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு விடுதியில் கைடுகள் அத்தனை பேருமே பெண்கள். புறப்படுமுன் அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான்: எழுந்து நிற்காதீர்கள். வண்டியையும் அதில் உட்கார்ந்திருப்பவர்களையும் மிருகங்கள் சேர்த்து ஒரே உருவமாகப் பார்க்குமாம். யாராவது எழுந்தால் அந்த உருவம் உடைந்து, உள்ளே தனித்தனி உருப்படிகள் இருக்கின்றன என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். இதைக் கேட்டதும் என் மனைவி உட்கார்ந்த நிலையிலேயே இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாள்.

மூன்று வரிசை இருக்கை. முன்வரிசையில் ஒரு கனடாக்காரரும் அவருடைய லென்ஸும். இரண்டுக்கும் தனித்தனி இடம். நடுவில் ஒரு வயதான ஜெர்மானியத் தம்பதி, பறவைப் பிரியர்கள். பின்வரிசையில் புதுமணத் தம்பதியும் நாங்களும். பறவை பார்க்க வந்தவரையும் சிங்கம் பார்க்க வந்தவரையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது என்று எல்லாப் பூங்காக்களிலும் சட்டம் கொண்டுவர வேண்டும். சோபேயில் 450-க்கு மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. அத்தனையும் அன்று காலை எங்கள் பாதையில்தான் இருந்தன என்று கனடாக்காரர் நம்பினார். நம் பனங்காடைக்கு உறவுக்காரப் பறவை ஒன்று, நெஞ்சில் மட்டும் இளம் ஊதா நிறம். அது ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தது. ஜெர்மானிய அம்மாள் "நிறுத்துங்கள்" என்றார். ஐந்து நிமிஷம் நின்றோம். கனடாக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பறவை பறந்தபோது இறக்கையில் தெரிந்த நீலம் இருக்கிறதே, அதற்காக இன்னும் ஐந்து நிமிஷம் நிற்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கனடாக்காரர் முதுகைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இம்பாலா மான்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. அவற்றின் பின்புறத்தில் கறுப்புக் கோடுகள் ஆங்கில 'எம்' எழுத்தைப் போல இருக்கும். 'காட்டு மெக்டொனால்ட்ஸ், எல்லா மிருகமும் இங்கேதான் சாப்பிடும்' என்பது ஆப்பிரிக்கக் கைடுகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஜோக். எங்கள் கைடும் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மேடு பள்ளத்தில் இடுப்பெலும்பு கழன்றபோது 'இது ஆப்பிரிக்க மசாஜ், இலவசம்' என்றார். அதுவும் கட்டணத்தில் அடக்கமான ஜோக்தான்.

கைடுகள் தங்களுக்குள் ரேடியோவில் செட்ஸ்வானா மொழியில் பேசிக்கொள்வார்கள். வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே ஆசை காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. ஆனால் எந்தத் தேசத்துச் சுற்றுலாப் பயணியும் அந்த மொழியில் ஒரே ஒரு சொல்லை வெகு சீக்கிரம் கற்றுவிடுகிறான். 'டாவ்' என்றால் சிங்கம். ரேடியோவில் அந்தச் சொல் விழுந்ததும் வண்டியில் இருந்த அத்தனை முதுகும் நிமிர்ந்தன. கைடு ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "கொஞ்சம் வேகமாகப் போகலாமா?" என்றார். ஜெர்மானிய அம்மாள்கூட பைனாகுலரை இறக்கிவிட்டார்.

போனால், எங்களுக்கு முன்பே எட்டு வண்டிகள். புதருக்கு அடியில் மஞ்சளாக ஒன்று கிடந்தது. இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்தபின் அதற்கு வயிறு இருப்பது தெரிந்தது; இன்னும் கொஞ்ச நேரத்தில் கால்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து ஜமக்காளத்தில் மல்லாந்துவிட்ட பெரியப்பாவேதான். சிங்கம் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல், சில நாள் இருபது மணி நேரம்கூட ஓய்வெடுக்கும் என்று கைடு மெதுவான குரலில் விளக்கினார். ஒன்பது வண்டி, ஐம்பது அறுபது மனிதர்கள், எத்தனையோ கண்டங்களிலிருந்து வந்தவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தூக்கத்தைப் பார்த்தோம். நடுவில் அது ஒருமுறை வாயைத் திறந்தது. கனடாக்காரரின் கேமரா இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடித்தது. அது கொட்டாவி. ஆனால் படத்தில் கொட்டாவிக்கும் கர்ஜனைக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவரே பிறகு எனக்குக் காட்டினார். நம் வீட்டு நாட்காட்டிகளில் கர்ஜிக்கிற சிங்கங்களில் பல உண்மையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவைதான். என் மனைவி என் காதருகே, "ஏங்க, இதுக்கா நாலரை மணிக்கு எழுப்பினீங்க?" என்றாள்.

அவளுக்கு யானைதான் சிக்கல். முதல் யானை தெரிந்ததும் "பிள்ளையாரப்பா" என்று இரண்டு கையையும் கூப்பினாள். நல்ல விஷயம்தான். இரண்டாவது யானைக்கும் கூப்பினாள். ஆனால் போட்ஸ்வானாவில் 1,30,000 யானைகளுக்கு மேல் இருக்கின்றன. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிடையாது. வறண்ட மாதங்களில் உள்காட்டுக் குட்டைகள் வற்றிப்போக, அவற்றில் ஒரு பெரும்படை சோபே ஆற்றங்கரைக்கு வந்துவிடும். முப்பது நாற்பதாகச் சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தன. பிற்பகலுக்குள் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. கடைசியில் கரை முழுவதற்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டு முடித்தாள்.

பிற்பகல் என்றேனே, அதுதான் படகு நேரம். சோபேயின் உண்மையான தரிசனம் அதுவே. மூன்று மணிவாக்கில் கசானே ஊர்த்துறையில் படகு கிளம்பும். இந்தக் கசானேயிலேயே வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றிகள் முன்னங்கால்களை மண்டியிட்டுத் தெருவோரப் புல்லை மேய்கின்றன; யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படகில் குலுக்கல் கிடையாது, தூசு கிடையாது, துரத்தல் கிடையாது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். மிருகங்கள் தாகம் எடுத்துத் தாமாக வரும். யார் யாரைத் தேடிப் போவது என்ற விஷயத்தில் இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை.

ஆற்று நடுவில் செடுடு என்று ஒரு தீவு. தட்டையான புல்தரை, வெள்ளக் காலத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போய்விடும். இதற்காகப் போட்ஸ்வானாவும் நமீபியாவும் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 1890-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் இந்தப் பக்கத்தைப் பங்கு போட்டபோது, ஆற்றின் பிரதான ஓடைக்கு நடுவே எல்லை என்று எழுதிவைத்துவிட்டார்கள். தீவுக்கு இரண்டு பக்கமும் ஓடை. எது பிரதானம் என்று எழுதவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு, 1999 டிசம்பரில், வடக்கு ஓடையே பிரதானம், தீவு போட்ஸ்வானாவுக்கு என்று 11 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 பேர் மறுபக்கமுமாகத் தீர்ப்பானது. தீவில் இப்போது போட்ஸ்வானா கொடி பறக்கிறது. அதன் அடியில் எருமைகள் அசைபோடுகின்றன.

இதைக் கைடு சொல்லிக்கொண்டிருக்கும்போதே யானைக் குடும்பம் ஒன்று நீந்தித் தீவுக்குப் போக இறங்கியது. நடு ஓடையில் உடம்பின் பெரும்பகுதி மறைந்து முதுகுகளும் துதிக்கை நுனிகளும் மட்டும் வரிசையாக நகர்ந்தன. குட்டியைப் பெரியவை நடுவில் விட்டுத் தள்ளிக்கொண்டு போயின. அக்கரை ஏறியதும் நனைந்த பாதி கறுப்பாகவும் நனையாத முதுகு சாம்பலாகவும் இரட்டை நிற யானைகளாக நின்றன. படகில் ஒருவரும் பேசவில்லை, கனடாக்காரர் உட்பட. லென்ஸ் மடியில் கிடந்தது. அந்தத் தூரத்துக்கு அது அதிகம்.

ஜெர்மானியரிடம் நான் ஒன்று கேட்டே விட்டேன். வேட்டையாடிய யானைத் தந்தங்களையும் தலைகளையும் இறக்குமதி செய்வதற்கு ஜெர்மனி கட்டுப்பாடு கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு 2024-இல் எழுந்தபோது, அப்போதைய போட்ஸ்வானா அதிபர் மசிசி, அப்படியானால் 20,000 யானைகளை ஜெர்மனிக்கே அனுப்பிவைக்கிறேன், கூட வாழ்ந்து பாருங்கள் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். "உங்கள் பங்கு வந்து சேர்ந்ததா?" என்றேன். பெரியவர் தீவிரமாக யோசித்து, தன் வீட்டுத் தோட்டம் சிறியது என்றார். வயல் பக்கம் யானை வரும் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் மசிசி கட்சியில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கூடலூர்ப் பக்கம் கேட்டாலும் அதையே சொல்வார்கள்.

நீர்யானைகளைப் பற்றி நாலு வார்த்தை. அவற்றுக்கு நீந்தத் தெரியாது. ஆற்றின் அடித்தரையில் நடக்கின்றன. கரையில் நின்ற ஒன்று பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, வாலை விசிறியாகச் சுழற்றிச் சாணத்தை நாலா திசையும் வாரி இறைத்தது. அது எல்லை குறிக்கும் முறை. ஹேக் வரை போகாமல் காரியம் முடிகிறது. புதுமணப் பெண், "அது என்ன பண்ணுது?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். அவர் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்க, கைடு பேச்சை மாற்றினார்: நடிகை எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1975-இல் இரண்டாவது முறையாக ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டது இந்தச் சோபேயில்தான். பெண் மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்துகொண்டார். அடுத்த வருஷமே அந்தக் கல்யாணமும் முறிந்தது என்ற மிச்சத்தைக் கனடாக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவர் ஏன் தனியாகவே பிரயாணம் செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ராத்திரி விடுதியில் சாப்பாட்டு மேஜைக்கு மேஜை கணக்குப் பார்ப்பார்கள். சிங்கம் பார்த்த மேஜை நிமிர்ந்து உட்காரும். அடுத்த மேஜையில் சிறுத்தை பார்த்தவர்கள் இருந்தால் அது தளர்ந்துவிடும். சிறுத்தை எப்போதும் அடுத்த மேஜைக்காரர்களுக்கே தென்படும். நாம் போய்ச் சேர்வதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அங்கேயேதான் இருந்திருக்கும். இரட்டை நிற யானைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. யானையை எல்லோரும் பார்த்திருந்தார்கள்; எல்லோரும் பார்த்தது அந்தக் கணக்கில் சேராது.

போக நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. ஜூலையில் போனால் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். பணம் இடித்தால் காலை வண்டியை விட்டுவிடுங்கள், படகை விடாதீர்கள். கசானேயிலிருந்து படகு மேற்கே போகும். யானை இறங்கும் போட்ஸ்வானாக் கரை உங்களுக்கு இடது கைப்பக்கம் வரும். அந்தப் பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். திரும்பும்போது அதே கரை வலது பக்கம் வந்துவிடும். லென்ஸ்காரர்கள் எழுந்திருப்பதற்கு முன் நீங்கள் இடம் மாறிவிடுங்கள்.