கெடிலக்கரைக் கேள்வி-பதில்: அருவிக்கு நாள் பார்த்தல்

தை பிறக்கிறது, கல்யாணங்கள் வருகின்றன, சந்தேகம் உள்ளவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் ஏதோ ஓர் அசட்டுத் துணிச்சலில் எழுதிவிட்டேன். அதன் பலனாக மேஜைமேல் குவிந்திருக்கும் கடிதங்களில் முக்காலே மூன்று வீசம் தேனிலவையும் மலையையும் அருவியையும் பற்றியவை. மிச்சம் உள்ளவை என் கையெழுத்தைப் பற்றியவை. அவற்றுக்குப் பதில் இல்லை.

தை மாத முதல் முகூர்த்தத்தில் எனக்கு விவாகம். மலையேறி அருவியில் குளிக்க வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. எப்போது, எங்கே போகலாம்? (ஒரு புதுமாப்பிள்ளை, மஞ்சக்குப்பம்)

ஐயா, நீர் பாக்கியசாலி. முகூர்த்தப் பஞ்சாங்கம் ஒன்று, அருவிப் பஞ்சாங்கம் ஒன்று என இந்த நாட்டில் இரண்டு பஞ்சாங்கங்கள் இருக்கின்றன என்பதையும், அவ்விரண்டையும் கணித்தவர்கள் ஒருவரையொருவர் ஜன்மத்தில் சந்தித்ததே கிடையாது என்பதையும் அறியாமல் பங்குனியில் தாலி கட்டிக்கொண்டு அருவிக்குப் போகிறவன், அங்கே பாறையைப் பார்க்கலாம், பெயர்ப்பலகையைப் பார்க்கலாம், தன்னைப் போலவே ஏமாந்து வந்த வேறு பதினைந்து தம்பதிகளையும் பார்க்கலாம். ஜலத்தை மட்டும் பார்க்க முடியாது. சரி, ஜலம் எப்போது வரும் என்று கேட்டால், ஆடியில் வரும்! தென்மேற்குப் பருவக்காற்று குற்றாலத்துக் குறவஞ்சிக் காட்சிகளையெல்லாம் மெய்யாக்கிக்கொண்டு, பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் பிரவாகமாக இறங்குகிற அதே ஆடியில்தான், புதுப்பெண்ணைச் சீர்வரிசையோடு தாய்வீட்டார் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மாப்பிள்ளை தனியே போய் நனைந்து, தனியே துவட்டிக்கொண்டு திரும்பலாம். ஆடியில் கருவுற்றால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்; காரணம் நியாயமானதுதான், ஆனால் அருவிக்கு அது தெரியாதே.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு சொன்னவர் தொல்காப்பியர். ஆச்சரியப்படாதீர். நெய்தலுக்கு உரிய பொருள் இரங்கல்; தேவனாம்பட்டினத்து மணலில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் தம்பதிகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. கூடலுக்கு உரியது குறிஞ்சி. அதற்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை முடிய. ஆகவே கடற்கரைப் பிள்ளைகள் கல்யாணமானதும் மலைக்குப் போக வேண்டும், தை கழிவதற்குள் போக வேண்டும் என்று, பிரயாண ஏஜெண்டுகள் தோன்றுவதற்கு முன்பே நமக்கு இலக்கணம் எழுதியாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். கொல்லிமலையின் ஆகாய கங்கையில் நீர் இருக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீசுவரரைத் தரிசித்து, கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் கீழே இறங்கினால், அய்யாறு ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுவதைக் காணலாம். மற்ற மலைகளில் முதலில் ஏறி, களைத்து, பிறகு இறங்குவார்கள். இங்கே முதலில் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கி, குளித்து, பசியெடுத்த பிறகு ஏற வேண்டும். உங்கள் இருவரின் சுபாவமும் அந்த ஏற்றத்தில் ஏறக்குறைய ஐந்நூறாவது படியில் தெரிந்துவிடும். ஜாதகம் பார்த்த ஜோசியரையும் கூட அழைத்துப் போனால் நல்லது.

அருவியோரம் செல்ஃபி எடுக்கத் தகுந்த இடம் எது? (ஒரு வாசகர், புதுப்பாளையம்)

உங்கள் வீட்டுத் திண்ணை.

கடலூரிலிருந்து கூடலூருக்கு எவ்வளவு தூரம்? (ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

எழுத்தில் பார்த்தால் ஒன்றே ஒன்று. அங்கே கடல் இல்லை, இங்கே மலை இல்லை; பஸ்ஸில் ஏறுமுன் பலகையை இரண்டு தடவை படியுங்கள்.

நம் ஜில்லாவில் மலையே கிடையாதா? எதற்காக நாமக்கல் வரை அலைய வேண்டும்? (ஒரு சிக்கனக்காரர், அண்ணாமலை நகர்)

மலை கிடையாதா! முகவரியிலேயே மலையை வைத்துக்கொண்டா இப்படிக் கேட்கிறீர்? விருத்தாசலம் என்றால் பழமலை, தேவாரத்தில் திருமுதுகுன்றம். உலகத்து மலைகளுக்கெல்லாம் மூத்தது என்று தலபுராணம் சொல்கிறது. மிகவும் மூத்துப்போனதாலோ என்னவோ, அது பூமிக்குள் போய்ப் படுத்துக்கொண்டுவிட்டது, இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. புவனகிரி என்று ஓர் ஊர். புவனம் இருக்கிறது, கிரியைத்தான் காணோம். உங்கள் அண்ணாமலை நகரோ, 1929-இல் பல்கலைக்கழகம் கண்ட ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் திருநாமம். சைக்கிளில் போகிறவன் பெடலை மிதிக்க மறந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும்படியான சமதளம். கேப்பர் மலை என்று கடலூருக்குத் தெற்கே ஒரு செம்மண் மேடு உண்டு. அதன்மேல் மத்திய சிறைச்சாலை. 1918-இல் பாரதியாரை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். தேனிலவுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டீர். திருவந்திபுரத்து ஔஷதகிரி! அனுமான் தூக்கிச் சென்ற சஞ்சீவி பர்வதத்திலிருந்து உதிர்ந்த துண்டு என்று ஐதிகம். மேலே ஹயக்ரீவர், படிகள் 74. முகூர்த்த நாளில் அந்த ஊருக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நம்மவர்களில் பாதிப்பேருக்குக் கல்யாணமே அந்தக் குன்றின் நிழலில்தான் நடக்கிறது. தாலி கட்டிய கையோடு 74 படி ஏறி இறங்கிவிட்டு, தேனிலவு முடிந்தது என்று சொல்லிக்கொள்ளும் சிக்கனம் உமக்கு வாய்க்கட்டும். உமது மனைவியின் அபிப்பிராயத்தைத் தனிக் கடிதமாக அனுப்பச் சொல்லவும்.

என் கணவர் என்னைக் 'கொல்லிப்பாவை' என்று அழைக்கிறார். இது புகழ்ச்சிதானா? (ஒரு புதுப்பெண், சிதம்பரம்)

அம்மணி, உம் கணவர் சங்க நூல்களைப் பாதி வரை படித்திருக்கிறார். கொல்லிமலையில் தெய்வம் வகுத்த பாவை ஒன்று உண்டென்றும், தலைவியின் அழகு அதை ஒக்கும் என்றும் அக்காலத்துப் புலவர்கள் பாடினார்கள். அந்த மட்டில் புகழ்ச்சி. அந்தப் பாவை சிரித்தே ஆளை மயக்கி உயிரை வாங்கிவிடும் என்பது மிச்சப் பாதி. அவர் அதையும் படிக்கும் வரையில் நீர் சிரித்துக்கொண்டே இருக்கலாம்.

மாமியாரும் கூட வருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம், காட்டுமன்னார்கோயில்)

1961-இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' என்று ஒரு படம் எடுத்தார். அதில் மறுமணம் செய்துகொண்ட தங்கவேலு, வயதுக்கு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு காஷ்மீருக்குத் தேனிலவு போகிறார். ஜனங்கள் சிரித்தார்கள். உங்களைப் பார்த்தும் சிரிப்பார்கள். ஆயிரம் படிகளைப் பற்றி அத்தையிடம் மெல்லச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், மூட்டை தூக்க ஓர் ஆள் கிடைத்தார் என்று எண்ணி மகிழ வேண்டியதுதான்.

மலைக்கு என்ன சாப்பாடு எடுத்துப் போவது? (ஒரு வாசகி, புவனகிரி)

இதை ஒருவராவது கேட்பார் என்று காத்திருந்தேன். பளபளக்கும் பையில் காற்றை அடைத்து, அடியில் நான்கு உருளைக்கிழங்கு வறுவலைப் போட்டு விற்கிறார்களே, அந்தப் பண்டத்தை மலையேற்றும் மனிதரைக் கண்டால் எனக்கு ஆகாது. தின்பது க்ஷண நேரம், பை கிடப்பது யுகாந்தரம். நடராஜருக்கு நைவேத்தியமாகிற சம்பா சாதம் இருக்கிறது. மிளகும் சீரகமும் நெய்யும் சேர்ந்தது, மலைக்காற்றுக்கு அதைவிடப் பொருத்தமான ஆகாரத்தை நான் அறியேன். அதனோடு கத்தரிக்காய் கொத்சு. கொத்சுவை மத்தியானத்துக்குள் தீர்த்துவிடுங்கள், சாயங்காலம் வரை வைக்கவேண்டாம். கொல்லிமலையிலே பலாப்பழம் நீட்டுவார்கள். மரியாதைக்கு ஒரு சுளை சாப்பிடலாம். பண்ருட்டிக்குத் துரோகம் செய்யக்கூடாது.

அட்டை கடித்தால்? (ஒரு மாணவர், கிள்ளை)

உப்பு. அது தானே பயந்து விழும்.

என் மகனுக்குக் கல்யாணமாகி ஒரு வாரம் ஆகிறது. மாசியில் மருமகளோடு மேற்கு மலையில், காட்டு வழியாக நடக்கப் போகிறானாம். அனுமதியெல்லாம் எதற்கு, தெரிந்தவர்கள் அழைத்துப் போகிறார்கள் என்கிறான். எனக்கு மனம் சரியில்லை. (ஒரு தாய், நெல்லிக்குப்பம்)

அம்மா, உங்கள் மனம் சரியாகத்தான் இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் இருந்தார்கள். அது மாசி மாதக் கடைசி. மாசி பங்குனியில் மலைப்புல் காய்ந்து சருகாகிவிடும். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஏறும் வேகம் ஈடாகாது. அதற்குப் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் செய்தது. 2024 அக்டோபர் முதல் 40 மலைவழிகளுக்கு வனத்துறையே பதிவு செய்துகொண்டு, அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களை வழிகாட்டிகளாக உடன் அனுப்புகிறது. தீக்காலத்தில் வழிகளை அடைத்தும் விடுகிறது. அடைத்திருக்கும் வழியில் போகக் கூடாது. தண்ணீரும் அப்படித்தான், 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போயிற்று. மேலே மழை பெய்வது கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. காவலர் கரையேறச் சொன்னால் அந்த நிமிஷமே ஏறிவிட வேண்டும். மாசியில் வேண்டாம், ஐப்பசிக்குமேல் போகட்டும் என்று நான் சொன்னதாக மகனிடம் சொல்லுங்கள். இப்போதைக்குப் பிச்சாவரத்தில் படகேறி, அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும்.

நானும் என் மனைவியும் மீன் வியாபாரிகள். மலைக்குப் போகக் கையில் காசும் இல்லை, கடையை விட்டு வர நேரமும் இல்லை. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா? (ஒரு வாசகர், பரங்கிப்பேட்டை)

உண்டு. மேகம் அருவியும் பெரியார் அருவியும் விழுகின்ற கல்வராயன் மலையில் பிறக்கிற மணிமுக்தாறு, விருத்தாசலத்துப் பழமலைநாதரின் வாசல் வழியாக வந்து வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு உங்கள் ஊரில் கடலுக்குள் போகிறது. ஐப்பசி கார்த்திகையில் ஆறு செக்கச்செவேலென்று மலைமண்ணைச் சுமந்து வரும். வியாபாரம் முடிந்த ஒரு சாயங்காலம் இருவருமாகப் போய் முகத்துவாரத்தில் நில்லுங்கள். கட்டணம் கிடையாது.