அறுபதுக்குப் பின் சென்னையில் நடப்பது எப்படி?

தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். எங்கே நடப்பது என்று அவர் எழுதித் தரவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்குறிப்புகள்.

முதலில் நடைபாதையில் ஏறப் பழகுங்கள். நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடைபாதை விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 2012இலேயே எழுதி வைத்திருக்கிறது. அருமையான வழிகாட்டி, உட்கார்ந்து படித்தால் முழங்கால்கூட வலிக்காது. நம் தெருக்கள் பலவற்றில் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. வடிகால் எவ்வளவு உயரமோ, நீங்கள் அவ்வளவு ஏறியாக வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும் பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை முதலில் வைக்கவும். பக்கத்தில் இருக்கும் மின்வாரியப் பெட்டியைப் பிடிக்க வேண்டாம்.

ஏறியாயிற்றா? பத்தடி நடந்ததும் ஒரு வீட்டுக்காரர் தன் காருக்காகச் சாய்தளம் போட்டிருப்பார். இறங்குங்கள். மறுபடி ஏறுங்கள். தெருவில் பதினைந்து கேட் இருந்தால் பதினைந்து ஏற்றம், பதினைந்து இறக்கம். ஜிம்மில் இதற்கு மாதச் சந்தா வாங்குகிறார்கள். அலுத்துப்போனால் எல்லோரையும் போல ரோட்டிலேயே நடக்கலாம்; பின்னால் வரும் தண்ணீர் லாரி ஹாரன் அடித்து உங்கள் காது எப்படி இருக்கிறது என்று இலவசமாகச் சோதித்துவிடும்.

சாலையைக் கடக்கக் கொஞ்சம் கணக்குத் தெரிய வேண்டும். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பச்சை விளக்கின் நேரத்தைப் பொதுவாகக் குறிக்கிறார்கள். 24 மீட்டர் அகலச் சாலைக்கு 20 நொடி. மூட்டுவலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 30 நொடி வேண்டும். மிச்சம் பத்து நொடியை நீங்கள் பைக்குகளுக்கு நடுவே கழிக்க வேண்டியிருக்கும். கையை உயர்த்தி, யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கவும். முகத்தைப் பார்த்தால் முடுக்குவார்கள். சிங்கப்பூரில் 2009 முதல் முதியவர் தம் அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை சில நொடி கூடுதலாக எரிகிறது. நமக்கு அந்தச் செல்லமெல்லாம் ஆகாது.

பேருந்துக்குக் காசு வேண்டாம். அறுபது தாண்டியவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2016 முதல் மாதம் பத்து டோக்கன் தருகிறது. டோக்கன் இலவசம், படி மட்டும் இடுப்பளவு. 2024இல் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, படியைத் தரையருகே கொண்டுவரும் வண்டிகள் அவை. நல்ல காரியம், கிண்டலில்லாமல் சொல்கிறேன். ஆனால் நிறுத்தத்தை ஒட்டி ஆட்டோக்கள் நிற்பதால், பேருந்து நடுரோட்டில்தான் சாய வேண்டியிருக்கிறது. நீங்கள் நடைபாதையிலிருந்து இறங்கி, ஓடிப்போய் அந்தச் சாய்வைப் பிடிக்க வேண்டும்.

கிளம்பும் முன் தண்ணீர் குடிக்காதீர்கள். காரணம் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். வழியில் உட்காரவும் ஆசைப்பட வேண்டாம். கடை வாசல் திண்டில் கூரான கம்பி பதித்திருப்பார்கள்.

நன்றாக நடந்தே தீர வேண்டுமென்றால் பாண்டி பஜார் போங்கள். 2019 முதல் அங்கே அகலமான நடைபாதையும் உட்கார இருக்கையும் உண்டு. போய்ச் சேர, மேலே சொன்ன பாடங்கள் அனைத்தும் தேவைப்படும்.

இதெல்லாம் ஒத்துவராவிட்டால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். நகரத்துக்கும் அது வசதி. நடப்பவருக்கே முதலிடம் என்ற கொள்கையை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 'இந்தத் தெருவில் வயதானவர்கள் யாரும் நடப்பதில்லையே' என்று பேச்சு வந்தால், நடைபாதையைக் கார் நிறுத்தக் கொடுத்துவிடலாம். உங்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. லிஃப்ட் பெரும்பாலும் கடைசித் தளத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் படிதான். கைப்பிடி இருக்கிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு ஏறவும்.