தாய்மாமன் சீரும் தாய்லாந்து விசாவும்

பாங்காக்
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும்,

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒருவருக்கு இன்னும் எதற்கு விசா, சும்மா இருப்பதற்குக்கூடவா ஓர் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்று பாளையங்கோட்டையில் எழுந்திருக்கும் கேள்வி பார்வைக்கு எளியது. ஆயினும் அது தாய்லாந்தின் குடிவரவுச் சட்டம், வங்கி நடைமுறை, வீட்டு உரிமையாளரின் கடமை ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்வதாலும், தொலைபேசியில் விளக்கப் புகும்போதெல்லாம் "அது கிடக்கட்டும், சாப்பிட்டாச்சா" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுவதாலும், பதில் இங்கே எழுத்தில் தரப்படுகிறது. இதில் அண்ணன் என்று குறிக்கப்படுபவர் யாரென்பது இரு வீட்டாரும் அறிந்ததே. அவர் தம்மைப் படர்க்கையில் எழுதிக்கொள்வது கர்வத்தால் அன்று. படிவங்களில் தம்மை 'விண்ணப்பதாரர்' என்றே நெடுங்காலம் எழுதி வந்ததால் கை அப்படிப் பழகிவிட்டது.

சீலோம் வட்டாரத்தில் நவரத்தினக் கற்களை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் அண்ணன் பணியாற்றிய காலத்தில் விசா என்பது நிறுவனத்தின் கவலையாக இருந்தது. அயல்நாட்டுப் பணியாளர் ஒருவர் இங்கே தங்கும் உரிமை அவருடைய வேலையோடு பிணைக்கப்பட்டது. ஆகவே வேலை முடியும்போது, பொன்னாடையின் மடிப்புக் கலைவதற்கு முன்பே, அந்த உரிமையும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் இங்கேயே இருக்க விரும்புவோர்க்கு, 1979-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்கீழ், அதாவது இந்நாட்டின் பௌத்த ஆண்டுக் கணக்கில் 2522-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஒரு வழி உண்டு: 50 வயது நிறைந்த அயல்நாட்டவர், தம் செலவுக்குப் போதிய பணத்தைக் காட்டி, ஓய்வைக் காரணமாகச் சொல்லி, ஒவ்வோர் ஆண்டும் 1,900 பாட் கட்டணம் செலுத்தித் தம் தங்குகாலத்தை நீட்டித்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலுள்ள தூதரகத்திலேயே பெற்று வரும் 'ஓ-ஏ' என்னும் வகைக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அண்ணன் சென்ற வழி உள்நாட்டில் நீட்டிக்கும் வழியாதலால் அந்தச் செலவு அவருக்கு நேரவில்லை.

இந்த நீட்டிப்பின் முதல் நிபந்தனை, பெறுபவர் எந்த வேலையும் செய்யக்கூடாது என்பது. முடி திருத்துதல், கற்களுக்குப் பட்டை தீட்டுதல் முதலிய தொழில்கள் தாய்லாந்து மக்களுக்கே உரியவை என்று ஒதுக்கப்பட்ட பட்டியல் ஒன்று ஏற்கெனவே உண்டு. ஓய்வாளருக்கோ பட்டியலே தேவையில்லை, எல்லாமே விலக்கு. அண்ணன் ஒரு துரும்பையும் நகர்த்தாதவர் என்று பெரியத்தை அவருடைய பள்ளிப் பருவம் முதலே கூறி வந்ததற்கு இப்போது ஓர் அயல்நாட்டு அரசின் முத்திரையுடன் சான்று கிடைத்திருப்பதும், அச்சான்று ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கப்படுவதும், நம் குடும்பத்தில் வேறெவரும் எட்டாத சிறப்பு என்பதை இங்கே பதிவு செய்வது தகும்.

இரண்டாம் நிபந்தனை பணம். மாதம் 65,000 பாட் வருவாய் காட்ட வேண்டும். அல்லது தாய்லாந்து வங்கியில் தம் பெயரில் 8,00,000 பாட் வைத்திருக்க வேண்டும். அல்லது இரண்டையும் சேர்த்து அத்தொகைக்கு ஈடுகட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கு ரயில்வே ஓய்வூதியம் வருவதுபோல அண்ணனுக்கு மாத வருவாய் எதுவும் இல்லாமையால், அவருக்கு வாய்த்தது எட்டு லட்சம். நம் ரூபாயில் இருபது லட்சத்தைத் தாண்டும் இத்தொகை, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பு இரண்டு மாதம் கணக்கில் மாவடு போல அசையாமல் ஊற வேண்டும். அனுமதி கிடைத்த பின்னும் மூன்று மாதம் ஒரு பாட் குறையாமல் இருக்க வேண்டும். எஞ்சிய மாதங்களில் பாதிவரை எடுக்கலாம், ஆனால் நான்கு லட்சத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. சுருங்கச் சொன்னால், அதில் ஒரு பாதி ஆண்டில் சில மாதம் வெளியே உலவிவர அனுமதிக்கப்பட்ட பணம்; மறுபாதி ஆயுள் கைதி.

இந்த எட்டு லட்சத்தின் வாழ்க்கை முறையைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையது. அது குளிர்சாதன வசதியுள்ள கட்டடத்தில் வசிக்கிறது. அண்ணனுடைய அறையிலோ குளிர்சாதனம் பழுதாகி, அதைச் சரிசெய்யும் செலவு மாசி மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. எட்டு லட்சத்தை யாரும் தொந்தரவு செய்வதில்லை. அதற்குச் சொற்பமாயினும் வட்டி வருகிறது. ஆண்டுக்கொருமுறை அதன் நலத்தை உறுதிசெய்து வங்கி மேலாளர் கையொப்பமிட்டுக் கடிதம் தருகிறார். அண்ணனின் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோதும், அந்தப் பல்லைவிட எட்டு லட்சத்தின் முழுமையே முக்கியம் என்று முடிவாகி, பல்லும் மாசிக்கே ஒத்திவைக்கப்பட்டது. ஆக, உண்மையில் ஓய்வு பெற்றிருப்பது அந்த எட்டு லட்சமே. அண்ணன் அதற்குச் சம்பளமில்லாத காவலாள். ஊதியம் பெறாத உழைப்பையும் வேலை என்றே கருதும் வழக்கம் இந்நாட்டில் உண்டாதலால், இதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

விண்ணப்ப நாளின் நடைமுறை பின்வருமாறு. பாஸ்புக்கில் கடைசி வரி அன்றைய தேதியைக் காட்ட வேண்டும். ஆனால் நடமாட்டமே இல்லாத கணக்கில் புதிய வரி விழாது என்பதால், விடிந்ததும் இயந்திரத்தில் நூறு பாட் தாளைச் செருகி, எட்டு லட்சத்துக்கு உயிர் இருக்கிறது என்பதை நிலைநாட்டி, அந்த ஒரு வரியை அச்சிட்டுக்கொண்டு, வங்கிக் கடிதத்துடன் குடிவரவு அலுவலகம் சேர வேண்டும். டி.எம். 7 என்பது நீட்டிப்புக்கான படிவம். அதனோடு புகைப்படம், பாஸ்போர்ட்டின் பக்கங்கள், பாஸ்புக்கின் பக்கங்கள் ஆகியவற்றின் ஜெராக்ஸ், ஒவ்வொரு தாளிலும் நீல மையில் கையொப்பம், போதாதற்கு வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம் ஆகியன இணைய வேண்டும். அண்ணன் வரைந்த படத்தில் கால்வாய் சாலையைவிட அகலமாகவும், முனையிலிருக்கும் இட்லிக் கடை அரண்மனை அளவிலும் அமைந்திருந்ததைக் கண்ட அலுவலர், மிகுந்த மரியாதையுடன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, அதுவே சரியான திசை என்று முடிவு செய்து கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

அனுமதி கிடைத்த பின்னரும் கடமைகள் முடிவதில்லை. டி.எம். 30 என்பது, அயல்நாட்டவர் ஒருவர் தம் வீட்டில் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு. டி.எம். 47 என்பது, ஓய்வாளர் தொடர்ச்சியாக 90 நாள் இங்கே தங்கும் ஒவ்வொரு தடவையும், தாம் எங்கே வசிக்கிறார் என்று தாமே தெரிவிப்பது; வீடு மாறியிருக்க வேண்டும் என்பதில்லை, நாற்காலிகூட மாறாதிருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். உரிய நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அவகாசம் உண்டு. அதையும் தவறவிட்டுத் தாமதமாகப் போய் நின்றால் அபராதம் 2,000 பாட். மாப்பிள்ளை ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று அளித்து, 2014 முதல் அதற்கென வந்திருக்கும் ஜீவன் பிரமாண் முறையில் விரல் ரேகை பதியாமல் திரும்பத் திரும்ப அழுத்திப் படும் பாட்டை இதனோடு ஒப்பிடலாம். இந்திய அரசு ஓய்வாளர் இருக்கிறாரா என்று ஆண்டுக்கொருமுறை கேட்கிறது. தாய்லாந்து அரசு, அவர் இருக்கிறார் என்பதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, எங்கே இருக்கிறார் என்று மட்டும் அடிக்கடி கேட்கிறது.

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் பதில் எழுதுவது எளிது. மனத்துக்குள் எழுதுவதுதான் சற்றுக் கடினம். நவராத்திரியின்போது சீலோம் மாரியம்மன் கோயில் தேர் புறப்பட, சாலையெங்கும் மஞ்சள் பூவும் உடைத்த தேங்காயுமாக, தாய்லாந்து மக்களே நம்மவரைவிடப் பயபக்தியோடு கைகூப்பி நிற்பதைப் பார்க்கையில் ஊர் நினைவு பாதி தணியும். மார்கழியை ஒட்டி, மாபெரும் ஊஞ்சல் தூண்களுக்கு அருகிலுள்ள தேவஸ்தானத்தில், திருவெம்பாவையின் வழிவந்ததாக அறிஞர் கூறும் சடங்கை அரசவைப் பிராமணர்கள் நிகழ்த்துவதும் பெருமைக்குரியதே. ஆயினும் தங்கை திருப்பாவை பாடத் தொடங்கி, மூன்றாம் பாட்டின் நடுவில் மறந்துபோய், அடுப்பில் பால் பொங்குகிறது என்று காரணம் சொல்லி எழுந்து போவதற்கு அது எவ்விதத்திலும் ஈடாகாது.

இனி, மருமகளின் திருமணத்தைத் தையில் வைத்துக்கொள்ளலாமா என்னும் கேள்விக்கு வரலாம். தாய்மாமன் வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. நாட்டை விட்டு வெளியேறும்போது நீட்டிப்பு தானாகவே ரத்தாகிவிடாதிருக்க, மறுநுழைவு அனுமதி என ஒன்றை முன்கூட்டியே பெற வேண்டும். ஒருமுறை போய்வர 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட் என்பதால் அது தீரக்கூடியதே. தீராதது சீர். நீட்டிப்பு கார்த்திகை முதல் நாளை ஒட்டி அமைந்துவிட்டமையால், புரட்டாசியும் ஐப்பசியும் பணம் ஊறும் மாதங்கள்; கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் அதைத் தொடக்கூடாத மாதங்கள். எனவே தையில் தாய்மாமன் மணமேடைக்கு வரக்கூடும், மாலையும் போடக்கூடும். வளையலும் பட்டும் வராது. மாசி முதல் நாள் பாதிப் பணம் விடுதலையாகும். ஆனால் அதுவும் பரோலில் வெளியே வருவதுதான். புரட்டாசி பிறக்குமுன் எட்டு லட்சமும் மீண்டும் உள்ளே இருந்தாக வேண்டும். பல்லும் குளிர்சாதனமும் சிறு செலவாதலால் மாசியிலேயே முடித்துக்கொள்ளலாம், சீர் அப்படியன்று. ஊரிலுள்ள வைப்புத்தொகை ஆனியில் முதிர்ந்தபின் சீருக்கு எடுத்த பணத்தின் இடத்தை நிரப்பிவிடலாம் என்பதால், வைகாசியிலோ ஆனியிலோ முகூர்த்தம் அமையுமானால் சீருக்கும் குறைவிராது, சட்டத்துக்கும் குறைவிராது. ஆடியைத் தவிர்க்கும் சோதிடர் தையையும் இம்முறை தவிர்ப்பதில் பெரிய ஆட்சேபம் கொள்ளமாட்டார் என்று நம்பப்படுகிறது. கொண்டால், இங்கே உதவிய ஆவணங்களின் பட்டியல் அவருக்கும் அனுப்பி வைக்கப்படும்.

தேதி மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் சம்பந்தி வீட்டாரிடம், தாய்மாமனிடம் பணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். பணம் முழுமையாக இருக்கிறது, செலவழிக்கத்தான் வழியில்லை. ஐயப்பட்டால் காட்டுவதற்காக, வங்கி மேலாளரின் கடிதத்தின் நகல், ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் கையொப்பமிடப்பட்டு, இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
அண்ணன்