ராகு–கேது பெயர்ச்சி: நலச்சங்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்

அனுப்புநர்: மூன்றாம் மாடி வாடகைதாரர்
பெறுநர்: செயலாளர் மற்றும் செயற்குழுவினர், குடியிருப்போர் நலச்சங்கம்
பொருள்: பூனைக்குட்டிகள் – குடியமர்த்தல் – கால அவகாசம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: லிஃப்ட் அருகே ஒட்டப்பட்டுள்ள தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட சுற்றறிக்கையை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒருமுறை, மாடிப்படித் திருப்பத்தில் ஒருமுறை, மோட்டார் அறைக் கதவில் ஒருமுறை படித்தேன். தண்ணீர் லாரி வராத நாளில் ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டாத சங்கம், என் உள்ளங்கையில் அடங்கிவிடும் இரண்டு ஜீவன்களுக்காக இவ்வளவு பசை செலவழித்திருப்பதை நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

ஏற்கனவே பூனை உள்ள வீட்டில் குட்டிகள் வந்து சேர்ந்திருப்பதால் சீறல், உறுமல் கேட்பதாகப் புகார் வந்துள்ளது. ஆகவே வரும் ஞாயிறு காலை, செயற்குழு முன்னிலையில், சங்க அலுவலகத்தில் மூன்று பூனைகளையும் நேருக்கு நேர் உட்காரவைத்து 'சுமுகத் தீர்வு' காண வேண்டும். தீராவிட்டால் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட குட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும். அதுவரை அவை லிஃப்டில் ஏறக் கூடாது. இதுதான் தாங்கள் இட்ட ஆணை. இதற்கு என் விளக்கத்தைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

முதலில் பூர்வீகம். குட்டிகள் வெளியிலிருந்து வந்தவை அல்ல. நம் வளாகத்து ஜெனரேட்டர் அறையில் பிறந்தவை. மண்ணின் மைந்தர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இந்தக் கட்டடத்தில் அவற்றுக்கு மட்டும்தான் உண்டு. மற்ற நாமெல்லாம் எங்கிருந்தோ வந்து வாங்கியவர்கள், அல்லது என்னைப்போல் மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிறவர்கள். அவற்றின் தாய் கார் நிறுத்துமிடத்தில் சக்கரத்தில் அடிபட்டுச் செத்தது. அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வந்ததாக நினைவில்லை. காவலாளி அண்ணன்தான் அட்டைப்பெட்டியில் போட்டு என் வாசலுக்குக் கொண்டுவந்தார். நல்ல மனசோடு பசும்பாலும் வார்த்திருந்தார். பசும்பால் பூனைக்குட்டிக்கு ஆகாது, வயிற்றைக் கலக்கிவிடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பூனை என்றாலே பால் என்று பழகிவிட்டோம். மருத்துவர் குட்டிகளுக்கென்றே வரும் பால்மாவு எழுதிக் கொடுத்தார். ஒன்று எந்நேரமும் பெட்டிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் வால் மட்டும்தான் கண்ணில் பட்டது. ஆகவே ராகு, கேது. பெயர்ச்சி நடந்தது மூன்றாம் மாடிக்கு. பாதிப்பு எல்லா ராசிக்கும் என்று தங்கள் சுற்றறிக்கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அடுத்து, மங்களம் அம்மையார். என் வீட்டின் மூத்த பூனை. வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இருந்தாலும் வீடு அவருடையது. கன்னத்திலும் நெற்றியிலும் பாதத்திலும் பூனைக்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. நிலைக்கதவில், சோபா ஓரத்தில், என் கணுக்காலில் என்று அவர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு போவதெல்லாம் பாசம் மட்டுமல்ல, பட்டா மாறுதலும்தான். சங்கத்து ரப்பர் ஸ்டாம்ப் குத்திய காகிதங்களைவிட அவர் முத்திரை விழுந்த இடங்கள் அதிகம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடி, தனியாகத் தின்று வாழ்ந்த இனம். ஒரு எலி ஒரு பூனைக்கே போதாது, இதில் பங்காளி எங்கே? அந்த ரத்தம் இன்னும் வற்றவில்லை. அறிமுகமில்லாத வாசனையோடு இரண்டு பேர் உள்ளே வந்தால் அவர் சீறாமல், ஆரத்தி எடுப்பாரா?

சீறலைப் பற்றித்தான் தங்களுக்குப் பெரிய மனக்குறை. ஐயா, சீறல் சண்டையின் ஆரம்பம் அல்ல. 'கிட்டே வராதே, வந்தால் அடிப்பேன்' என்று முன்கூட்டியே சொல்லி, அடிக்காமல் முடித்துக்கொள்ளும் நாகரிகம். அதைத் திட்டி அடக்கினால் பூனை அடுத்தமுறை சொல்லாமலே அடிக்கும். நம் பொதுக்குழுக் கூட்டங்களில் எழும் சீறல்களுக்கு இப்படி ஒரு நற்பயன் இருந்ததாக நான் கண்டதில்லை.

ஞாயிறு காலை நேருக்கு நேர் உட்காரவைப்பது பற்றி. தங்கள் முறையை அப்படியே பின்பற்றினால் பத்தரை மணிக்கு ஒரு குட்டி கழிவுநீர்க் குழாய்க்குள்ளும், மங்களம் அம்மையார் பொருளாளர் தலைமேலும் இருப்பார்கள். முதல் சந்திப்பு ரத்தக்களறியானால் பிறகு ஆறு மாதம் ஆனாலும் சேராது. நோயும் ஒரு காரணம். பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டிகளைச் சூறையாடும். அந்த வைரஸ் வீட்டுக்குள் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அதனால் வந்த உடனே பொதுவாக இரண்டு வாரமாவது தனியறை. தனித்தட்டு, தனி மணல்தட்டு.

அந்த அறை இப்போது என் படிக்கும் அறை. முதலில் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். ராகு படுத்த துண்டை மங்களத்தின் சாப்பாட்டுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளி விரித்தேன். அவர் படுத்த துண்டை உள்ளே விரித்தேன். ஆளைப் பார்ப்பதற்கு முன் வாசனை பழக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. துண்டை முகர்ந்த அம்மையார் வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருட்டி, செயற்குழு வரவுசெலவுக் கணக்கைப் பார்த்த உறுப்பினர்போல் சற்று நேரம் உறைந்து நின்றார். அது அருவருப்பு அல்ல. பூனையின் மேலண்ணத்தில் வாசனையை ஆராய இன்னொரு உறுப்பு உண்டு, அதற்குக் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தார். பிறகு கதவுக்கு இந்தப் பக்கம் அவருக்கு மீன், அந்தப் பக்கம் குட்டிகளுக்கு மீன். எதிரியின் வாசனை வரும்போதெல்லாம் நல்ல சாப்பாடும் வருகிறது என்று மண்டையில் ஏற வேண்டும். தட்டைக் கதவுக்கு அருகே நகர்த்துவது அவர் சாப்பிடும் வேகத்தைப் பார்த்துத்தான். முறைத்தால் ஒரு முழம் பின்னால். அவர் கோபித்துக்கொண்டு உண்ணாவிரதம் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே மோசம். அம்மையார் கொழுத்தவர்.

அதற்கடுத்த கட்டம் கொசுவலைக் கதவு. டெங்குவுக்காக மாட்டியது, இப்போது வாகா எல்லையாகப் பயன்படுகிறது. வலைக்கு அந்தப் பக்கம் குட்டிகள் ஒன்றையொன்று கடித்து உருள்கின்றன. ஒரு குட்டிக்கு இரண்டு குட்டியாக வந்தது நல்லதே. தனிக்குட்டியாக இருந்தால் அந்த ஆட்டமெல்லாம் மங்களத்தின் வாலில்தான் நடக்கும். நேரடிச் சந்திப்பு இதற்கெல்லாம் பிறகு, சில நிமிடம், நான் பக்கத்தில் இருக்கும்போது. மொத்தம் எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். சில வாரம், சில வீடுகளில் சில மாதம். அதைத் தீர்மானிப்பது மங்களம். நானும் இல்லை, மன்னிக்கவும், செயற்குழுவும் இல்லை.

மணல்தட்டுக்குப் பூனை வளர்ப்போரிடம் ஒரு கணக்கு உண்டு: தலைக்கு ஒன்று, அதற்குமேல் ஒன்று உபரி. மூன்று பூனைக்கு நான்கு தட்டு. இந்தக் கணக்கைக் கார் நிறுத்துமிடத்துக்கு யோசித்திருந்தால் கட்டடம் கட்டியவர் மேல் வழக்குப் போட வேண்டியிருந்திருக்காது.

லிஃப்ட் விஷயம். இந்திய விலங்கு நல வாரியம் குடியிருப்புச் சங்கங்களுக்காக 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது லிஃப்ட் பக்கத்தில் ஒட்டப்படவில்லை. பெரும்பான்மை கைதூக்கினாலும் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது, அவற்றை லிஃப்டிலிருந்து விலக்கவும் முடியாது என்கிறது அது. நாய்க்கு ஆகும் லிஃப்ட் பூனைக்கு ஆகாதா? ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியில் 1962இல் இதே சென்னையில் தொடங்கிய வாரியம்தான். 2018இல் தலைமையகம் அரியானாவுக்குப் போய்விட்டது. விதிகளை மூட்டைகட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. மேலும், உயிர்களிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. சங்க விதிமுறைப் புத்தகம் அதற்கும் மேல் என்றால் தெரிவிக்கவும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் இங்கே குடிவந்தபோது எனக்கு நடந்த அறிமுகப் படலம் நினைவிருக்கும். 'சொந்த ஊர் எது?' 'அப்பா பேர்?' 'முழுப் பேர்?' 'சைவம்தானே?' எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பதில் பிடிக்கவில்லை என்பது மறுநாள் மீன் வாசனை பற்றி வந்த சுற்றறிக்கையில் தெரிந்தது. பொதுக்குழுவில் வாடகைதாரர் வாய் திறக்கக் கூடாது. என் வீட்டில் வேலை செய்யும் அக்கா இன்றும் மூன்று மாடி ஏறித்தான் வருகிறார், லிஃப்டில் அவருக்கு இடமில்லை. மங்களம் அம்மையாரும் குட்டிகளைப் பார்த்துச் சீறினார். ஆனால் தாய் யார், தகப்பன் யார், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என் தட்டில் கை வைப்பார்களா, மாட்டார்களா? மாட்டார்கள் என்று தெரிந்ததும் வலைக்கு எதிரே உட்கார்ந்து மீன் தின்ன ஆரம்பித்துவிட்டார். சங்கம் இன்னும் துண்டை முகரும் கட்டத்துக்கே வரவில்லை.

ஆகவே, சுற்றறிக்கையைக் கழற்றிவிடுமாறு வேண்டுகிறேன். ஞாயிறு கூட்டத்துக்கு மங்களம் அம்மையார் வர இயலாது. அவருக்கு அழைப்பின்பேரில் வரும் பழக்கம் கிடையாது. வளாகத்தில் இன்னும் பூனைகள் திரிகின்றன. பெண்பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும். மிச்சமிருக்கும் பசைக்காசோடு சங்க நிதியிலிருந்து கொஞ்சம் சேர்த்து அவற்றுக்குக் கருத்தடை செய்யவும், கார் நிறுத்துமிடத்தில் வேகத்தடை போடவும், அக்காவை லிஃப்டில் ஏறவிடவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வாடகைதாரர்