சிரிச்சுக்கிட்டே குழி தோண்டுறவங்க

டேய் பேராண்டி, ராத்திரி பதினோரு மணி ஷோவுக்கு டிக்கெட் எடுத்துட்டியாமே? பேயும் உண்டு, வெட்டுக்குத்தும் உண்டு, வயிறு குலுங்கச் சிரிப்பும் உண்டாம். ரொம்ப நல்லது ராசா. அப்படியே உன் அக்கா பிள்ளையையும் தூக்கிட்டுப் போ. மூணு வயசாச்சு, இன்னும் ஒரு கழுத்தறுப்பைக்கூடப் பார்க்கலன்னா நாளைக்கு எவன் மதிப்பான்? ரத்தம் தெறிக்கும்போது அது வீல்னு கத்தும். பாப்கார்னை வாயில அடைச்சு, "சும்மா சிரிப்புப் படம்டா தங்கம்"னு சொல்லிடு. கிள்ளான்லேருந்து பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் நம்ம ஜனங்க கண்ட குழந்தை வளர்ப்பு இதுதானே.

ஆனா ஒண்ணு, பயத்துக்குள்ள சிரிப்பைக் கலக்குற இந்த வித்தையைக் கொரியாக்காரன்தான் கண்டுபிடிச்சான்னு என்கிட்ட அளக்காத. தோட்டத்துல திருவிழான்னா மதுரை வீரன் கூத்து உண்டு. மாறுகால் மாறுகை வாங்கச் சொல்லி ராசா உத்தரவு போட்டிருப்பாரு. லயத்துப் பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு விசும்புவாங்க. அந்த நேரம் பார்த்துக் கூத்துக் கோமாளி கட்டியங்காரன் குறுக்கே வந்து, "மகாராசா, கத்திக்குச் சாணை பிடிச்ச கூலி உங்க கணக்கா, வீரன் கணக்கா?"ம்பான். அழுதவ சிரிச்சிடுவா. சிரிப்பு அடங்குறதுக்குள்ள கை போயிருக்கும், கால் போயிருக்கும்.

மலாய்ப் பேயைத் திரையில ஏத்துனதுலயும் இந்தியாக்காரன் கை இருக்கு. 1957ல மரியா மெனாடோவை வச்சுப் 'பொந்தியானாக்' எடுத்த பி.என்.ராவ் அங்கேருந்து வந்தவர்தான். மறு வருஷம் 'ஓராங் மிஞாக்' எடுத்த எல்.கிருஷ்ணன் மெட்ராஸ்ல பிறந்தவரு. பின்னால வந்த மாமாட் காலிட் பேயையும் சிரிப்பையும் ஒரே கம்பத்துல குடி வச்சாரு. 2007ல 'ஸோம்பி கம்போங் பீசாங்', 2010ல 'ஹந்து காக் லிமா பாலிக் ரூமா'. 2018ல வந்த 'ஹந்து காக் லிமா' 3 கோடி வெள்ளிக்கு மேல அள்ளுச்சு. பயந்தவனும் காசு கொடுத்தான், சிரிச்சவனும் காசு கொடுத்தான், கண்ணைப் பொத்திக்கிட்டவனும் கொடுத்தான்.

நம்ம தமிழ்ல 2014ல 'யாமிருக்க பயமே' வந்துச்சே, பார்த்தியா? மலை மேல பங்களாவை ஓட்டலாக்குறாங்க. தங்க வந்தவன் ஒவ்வொருத்தனா மண்டையைப் போடுறான். போலீஸைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணல, யாவாரம் கெட்டுடுமேன்னு ராவோட ராவா குழி வெட்டிப் புதைக்கிறாங்க. 1998லயே கிம் ஜீ-ஊன் 'தி கொயட் ஃபேமிலி'ன்னு இதே மாதிரி ஒரு விடுதிக் கதையைக் கொரியாவுல எடுத்துட்டாரு. 2001ல ஜப்பான்ல மீகே தகாஷி அதையே ஆட்டம் பாட்டத்தோட எடுத்தாரு. ஊர் மாறுது, பாஷை மாறுது, குழி மட்டும் மாறல. ஏன்னு நினைக்கிற? பொணத்தை விட யாவாரம் பெருசுன்னு நினைக்கிற குடும்பம் எந்த ஊர்லயும் உண்டு. நம்ம கல்யாண மண்டபத்துல ஒரு கிழவன் நெஞ்சைப் பிடிச்சுச் சாய்ஞ்சா, "முதல் பந்தி முடியட்டும், அப்புறம் ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்"னு சொல்ல ஒரு சித்தப்பா இருக்கத்தான் செய்வாரு.

பிள்ளைங்க எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுங்கறதைத் தணிக்கைக்காரங்க பார்த்துப்பாங்கன்னு நிம்மதியா இருக்கியா? முன்னெல்லாம் போஸ்டர்ல 18எஸ்ஜின்னு போடுவாங்க. பயமும் வன்முறையும் இருக்கு, சின்னப் பசங்க வராதீங்கன்னு எச்சரிக்கை. நம்ம பசங்களுக்கு அதைவிட வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா? 2023ல அமண்டா நெல் இயூ எடுத்த 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்' கான் விழாவுல விமர்சகர் வாரத்தோட பெரிய பரிசை வாங்கிட்டு வந்துச்சு. பன்னிரண்டு வயசுப் பொண்ணு பெரியவளாகுறா, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாப் புலியா மாறுது. சிரிப்பும் இருக்கு, குலை நடுக்கமும் இருக்கு. நம்ம நாட்டுத் தியேட்டருக்கு வரும்போது கத்திரி போட்டாங்க. 'இது நான் எடுத்த படமே இல்ல, ஒரு சின்னப் பொண்ணோட சந்தோசத்தையே வெட்டிட்டீங்க'ங்கற மாதிரி அந்தம்மா சொல்லிட்டாங்க. வாய் பொளந்து கத்துற பேயை விடலாம், துள்ளிக் குதிக்கிற பொண்ணை விடக்கூடாது போல. நல்ல கத்திரி!

அதனால கத்திரியை நம்பாத, உன் வாயைக் கவனி. தியேட்டர்ல நீ சிரிக்கும்போது எதைப் பார்த்துச் சிரிச்சன்னு மனசுல குறிச்சுக்க. கட்டியங்காரன் கேலி பண்ணுனது உத்தரவு போட்ட ராசாவை, கை போன வீரனை இல்ல. மலை பங்களாவுல சிரிப்புக் காட்டுறது குழி தோண்டுறவன் முழிக்கிற முழி, குழிக்குள்ள கிடக்குறவன் இல்ல. கொன்னவன் திருட்டு முழியைப் பார்த்துச் சிரிச்சியா, அது நல்ல படம், என்னையும் கூட்டிட்டுப் போ. செத்தவன் துடிக்கிற துடிப்பைப் பார்த்துச் சிரிச்சியா, படத்தைத் திட்டாத ராசா, உன்னைக் கொஞ்சம் பார்த்துக்க.