ஆச்சி மாலையும் அரை எலுமிச்சையும்

வா தாயி, உக்காரு. கழுத்தத் தடவிக்கிட்டே நீ வரும்போதே நெனச்சேன், ஆச்சி பெட்டியத் தொறந்தாச்சுன்னு. கடையில வாங்கப் போனா ‘அசல் இத்தாலிப் பவளம்’பான். அதையே விக்கப் போனா ‘வெறும் பாசிமணி’ம்பான். நீ எந்தக் காரியமா வந்திருக்கேங்கிறதப் பொறுத்து மணி மாறிக்கிடும்.

பாலுல போட்டா பால் செவக்கும்னு யாரோ சொன்னாகளாக்கும்? பால் செவந்தா சாயம் போகுதுன்னு அர்த்தம். பாலை வீணாக்காம ஒரு டீயப் போடு. எனக்குச் சீனி கம்மி.

மொதல்ல கன்னத்துல வச்சுப் பாரு. சில்லுனு இருந்தா கல்லோ கண்ணாடியோ பவளமோ. ஒண்ணும் தெரியலேன்னா பிளாஸ்டிக் வகையறா. அப்ப ஒரே ஒரு மணிய வெந்நியில தொட்டு மோந்து பாரு. மாலையோட முக்கிராத, நூல் இத்துக் கெடக்கு. கற்பூர வாசம் வந்தா கன்னத்துல போட்டுக்கிடாத, அது செல்லுலாய்டு. 1870-ல அமெரிக்காவுல ஹயாட்டுன்னு ஒருத்தர் காப்புரிமை வாங்குன சாமான். கற்பூரத்தக் கலந்துதான் செஞ்சது. ஊசியக் காய்ச்சிக் குத்துனேன்னா குப்புனு பத்திக்கிடும். கார்பாலிக் நெடி அடிச்சா பேக்கலைட்டு.

அடுத்தது, வாட்ச் ரிப்பேர்காரர்ட்ட லென்ஸ் கேட்டு வாங்கு. மணியப் பாக்காத, ஓட்டையப் பாரு. பொண்ணு பாக்கப் போனா மூஞ்சியப் பாக்குறவன் ஏமாளி, அடுப்படிய எட்டிப் பாக்குறவன் வெவரக்காரன். மணிக்கு அடுப்படி அந்த ஓட்டைதான். கண்ணாடின்னா ஓட்டை வாயில சில்லு பேந்திருக்கும், உள்ள காத்துக் குமிழி நிக்கும். சாயம் போட்டதுன்னா ஓட்டைக்குள்ள செவப்பு தேங்கியிருக்கும். நல்ல பவளத்துல மரத்து ரேகை கணக்கா மெல்லிசாக் கோடு ஓடும்.

இன்னும் சந்தேகமா? அந்த ஓட்டை ஓரத்துல ஊசிமுனையால எலுமிச்சஞ்சாறு இத்தினியூண்டு வையி. பவளம் சுண்ணாம்புச் சத்து, பொசுபொசுன்னு நுரைக்கும். சங்கும் சிப்பியும் கூட நுரைக்கும், அதுக்குத்தான் மொதல்ல ரேகையப் பாக்கச் சொன்னேன். கண்ணாடி கம்முனு இருக்கும். ஒடனே கழுவிரு, இல்லேன்னா மெருகு போயிரும். அப்புறம் அசலும் போலி மாதிரிதான் முழிக்கும்.

செவப்புப் பவளம் மத்தியதரைக் கடல்ல இருந்து கப்பலேறி வந்த சரக்கு. ரோமாபுரியில பிளினின்னு ஒரு ஆளு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னாலயே எழுதி வச்சிருக்காரு: நம்ம முத்துமேல அவுகளுக்கு எம்புட்டு ஆசையோ, அம்புட்டு ஆசை நமக்கு அவுக பவளத்துமேலன்னு. ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டுப் பண்டத்துக்குத்தான் நாக்கு நீண்டிருக்கு.

எலுமிச்சம்பழம் தேடி எந்திரிக்காத, இரு. கொக்கியில இருந்து ஒம்பதாவது மணி, அடுத்து மூணு, இந்த நாலும் நுரைக்காது. கழுகுமலைத் திருவிழாக் கடையில வாங்குன கண்ணாடி. எப்பிடித் தெரியும்னு பாக்குறியா? கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டக் காசில்லாத வருசம், ஒங்க ஆச்சி அசந்து தூங்கையில கோத்தவன் நான்தான். அவளுக்குத் தெரியாதுன்னு இருவது வருசம் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். கடைசிக் காலத்துல ஒரு நா காப்பியக் கையில குடுத்துட்டுச் சொன்னா: “அந்த நாலக் கோக்கும்போது முடிச்சையாவது ஒழுங்காப் போட்டிருக்கலாம்.”