வாய் திறக்க வைப்பது எப்படி?

கேள்வி: தருமபுரி மாவட்டம் ஏரியூர் அரசுக் கல்லூரி போன்ற இடங்களில், இணைய வகுப்பில் மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?

பதில்: 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு இணைய வகுப்புக்காகத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. ஆனால் டேட்டாவுக்குக் கூச்சத்தைப் போக்கும் சக்தி கிடையாது. அது கேள்வியின் வேலை. “புரிந்ததா?” என்றால் “யெஸ் சார்” மட்டுமே வரும். “மேட்டூர் அணை நிரம்பினால் நாகமரைப் பக்கம் யாருக்கு லாபம்?” என்றால், அணையின் நீர்த்தேக்கக் கரையிலுள்ள அந்த ஊரில் மீன்பிடிப்பவர் வீட்டுப் பிள்ளையும், நீர் வற்றிய படுகையில் பயிர் வைப்பவர் வீட்டுப் பிள்ளையும் மல்லுக்கு நிற்பார்கள். கேள்வியை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது நல்லது. யோசிக்க நேரம் கிடைக்கும். சிக்னல் விட்டுவிட்டு வருபவர்களுக்கு வாய்ஸ் நோட் போதும். ஆங்கிலம்தான் வேண்டும் என்று மட்டும் ஆசிரியர் அடம்பிடிக்கக் கூடாது.